குளிர்காலத்தில் பூனையின் ரோமம்: தோல்வரை விரல்விட்டுப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் பூனை கொள்ளை அழகாக இருக்கும். கழுத்தைச் சுற்றி ரோமம் புசுபுசுவென்று எழும்பி, வால் தடித்து, மொத்தமாகவே ஒரு சுற்றுப் பெருத்தது போலத் தெரியும். அந்த அழகில்தான் நாம் ஏமாறுகிறோம். மேல்முடி பளபளப்பாக இருக்கும்போதே அடியில் சிக்கு விழுந்திருக்கலாம், தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கலாம், பூனை இளைத்தே போயிருக்கலாம். மேலே போர்த்தியிருக்கும் அடர்த்தி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இதை நான் தெரிந்துகொண்டது என் நீளமுடிப் பூனையிடமிருந்து. அப்போது அவளுக்கு 11 வயது. தினமும் முதுகில் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் மாலை மடியில் தூக்கி வைத்தபோது, வலது அக்குளில் கை பட்டதுமே வெடுக்கென்று திரும்பி என் கையைக் கவ்வினாள். கடிக்கவில்லை, கவ்வி நிறுத்தினாள். மெதுவாக விரல்விட்டுத் தடவினால், கோலிக்குண்டு அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ஏதோ கட்டி என்று நினைத்து வயிறு கலங்கிப்போனது. முடியை விலக்கிப் பார்த்தால், கட்டி இல்லை. உதிர்ந்த அடிமுடியெல்லாம் சேர்ந்து இறுகிப்போன சிக்கு. அதன் அடியில் தோல் சிவந்திருந்தது. முன்னங்காலை எடுத்துவைத்த ஒவ்வொரு முறையும் அது தோலைப் பிடித்து இழுத்திருக்கிறது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. தினமும் பிரஷ் போட்ட எனக்குத் தெரியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: குளிர்காலத்தில் ரோமத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். விரல் தோல்வரை போக வேண்டும். சீப்பும் தோல்வரை போக வேண்டும். குளிப்பாட்டுவது, எண்ணெய் தடவுவது, ஸ்வெட்டர் போடுவது என்று நாம் கூடுதலாகச் செய்ய நினைக்கும் பலவும் இதற்குப் பிறகுதான். பெரும்பாலும் தேவையே இல்லை.

குளிர் வந்தால் ரோமத்தில் என்ன நடக்கிறது

பூனையின் ரோமம் பார்ப்பதற்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அதில் மூன்று வகை முடிகள் உண்டு. வெளியே நீளமாக, சற்று முரடாக இருப்பது காவல்முடி. ஈரத்தையும் தூசியையும் தடுப்பது அதன் வேலை. அதற்குக் கீழே நடுத்தர முடி. தோலை ஒட்டி மிக மெல்லியதாக, சுருள் சுருளாக இருப்பது அடிமுடி. குளிரைத் தாங்குவது இந்த அடிமுடிதான். அது தனக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுப்படலம்தான் உடல்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. சிக்கு விழுந்த ரோமத்திலும் நனைந்த ரோமத்திலும் காற்று தங்காது. அப்படியானால் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் பூனைக்குக் குளிரும்.

அடிமுடி எப்போது அடர்த்தியாவது, எப்போது கொட்டுவது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பகல்பொழுதின் நீளம். குளிர் இரண்டாம்பட்சம். பகல் சுருங்கச் சுருங்கக் குளிர்கால ரோமம் தயாராகும். பகல் நீளத் தொடங்கியதும் உதிரும். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை இரவு வெகுநேரம் வரை விளக்கு வெளிச்சத்தில் இருப்பதால், அதன் உடலுக்கு இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முடி கொட்டும் வீட்டுப் பூனைகள் அதிகம். குளிர்காலத்தில் எப்படி முடி கொட்டும் என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

சயாமீஸ் வகைப் பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: குளிர்காலத்தில் அதன் நிறம் கூடும். இந்த வகையில் முடிக்குக் கருநிறம் கொடுக்கும் நொதி, சூடான இடத்தில் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் உடல் வெளிறியும், சூடு குறைந்த காது, மூக்கு, பாதம், வால் எல்லாம் கருத்தும் இருக்கின்றன. தோல் குளிர்ந்தால் அந்த இடத்தில் முளைக்கும் முடி கருமையாகவே முளைக்கும். சிகிச்சைக்காக ஓரிடத்தில் முடியை மழித்தால், அங்கே கருப்பாக முளைத்து நிற்பதும் இதனால்தான். நோய் என்று பயப்பட வேண்டாம். அடுத்த முறை முடி மாறும்போது பெரும்பாலும் பழைய நிறம் வந்துவிடும்.

பூனையின் நாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாக்கில் இருக்கும் முட்களின் நுனி குழிவானது. எச்சிலை அள்ளிக்கொண்டுபோய் முடிக்குள் ஆழமாக விடும். 2018-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். நாக்கால் அழுத்தி நக்கும்போது பெரும்பாலான பூனைகளில் அந்த முட்கள் தோல்வரை எட்டிவிடும். பெர்சியன் போன்ற நீளமுடிப் பூனைகளில் எட்டாது. அந்த இடைவெளியைத்தான் நம் சீப்பு நிரப்ப வேண்டியிருக்கிறது.

முதலில் அறையின் காற்று

சீப்பை எடுப்பதற்கு முன் அறையைச் சரிசெய்யுங்கள். குளிர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கும்போது அதன் ஈரப்பதம் சரிந்துவிடும். நம் உதடு வெடிக்கும் அதே காரணத்தால் பூனையின் தோலும் வறளும். முதுகின் பின்பகுதியில், வால் தொடங்கும் இடத்தில், வெள்ளைப் பொடுகு தெரியத் தொடங்கும். முடியில் நிலைமின்சாரம் ஏறும். ஆசையாகத் தடவப் போனால் சுரீர் என்று இரண்டு பேருக்கும் அடிக்கும். இரண்டு மூன்று முறை மூக்கில் இப்படி அடிவாங்கிய பூனை, கையைக் கண்டாலே ஒதுங்கும். சீவ விடாத பூனைகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணம், பிடிவாதம் இல்லை.

சின்ன ஈரப்பதமானி ஒன்றை அறையில் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் போதும். குறைந்தால் ஹியூமிடிஃபையர் வைக்கலாம், அல்லது அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம், துவைத்த துணியை அந்த அறையில் உலர்த்தலாம். ஹியூமிடிஃபையரில் வாசனைத் தைலம் மட்டும் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். பல தைலங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. காற்றில் பரவும் தைலத்துளி ரோமத்தில் படியும். பூனை அதை நக்கி உள்ளே தள்ளும். டீ ட்ரீ எண்ணெய் இதில் மிகவும் ஆபத்தானது.

ஹீட்டரை ஒட்டியே நாள் முழுக்கப் படுத்திருக்கும் பூனையின் ஒரு பக்க முடி மட்டும் வறண்டு சொரசொரப்பாகிவிடும். அதன் படுக்கையை இரண்டடி தள்ளிப்போட்டு, தடித்த கம்பளி ஒன்றை மடித்துக் கொடுங்கள். உயரமான இடமாக இருந்தால் இன்னும் நல்லது. சூடான காற்று மேலேதான் இருக்கும்.

என்ன கருவி வேண்டும்

கடையில் இருப்பதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. நீளமுடிப் பூனைக்கு அகலப்பல் உலோகச் சீப்பு ஒன்று, நெருக்கமான பல் உள்ள உலோகச் சீப்பு ஒன்று. குட்டைமுடிப் பூனைக்கு ரப்பர் பிரஷ் அல்லது ரப்பர் கையுறை ஒன்று, கூடவே அதே நெருக்கப்பல் சீப்பு. தெள்ளுப்பூச்சி எடுக்கும் மிக நெருக்கமான சீப்பு எல்லா வீட்டிலும் இருக்கட்டும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம், நிலைமின்சாரத்தை ஏற்றிவிடும்.

கம்பிமுனை கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் நீளமுடிக்கு உதவும், ஆனால் கை அழுத்தம் தெரியாமல் பயன்படுத்தினால் தோலைக் கீறிவிடும். அதை முதலில் உங்கள் முழங்கையின் உட்பக்கம் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் பூனைக்கும் எரியும். அடிமுடியை வழித்தெடுக்கும் பிளேடு போன்ற கருவிகளை நான் குளிர்காலத்தில் தொடுவதே இல்லை. உதிர்ந்த முடியோடு நல்ல முடியையும் அறுத்துக்கொண்டு வரும். பூனைக்குப் போர்வை தேவைப்படும் நேரத்தில் அதைப் பிய்த்தெடுப்பது சரியில்லை.

முதல் படி: கையால் ஒரு சுற்று

பூனை தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும் நேரம், அல்லது வயிறு நிறைந்து ஆற அமர உட்காரும் நேரம் இதற்கு ஏற்றது. விளையாட்டு வெறியில் இருக்கும்போது வேண்டாம். உள்ளங்கையை லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள், நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

விரல்களை விரித்து, நுனி தோலில் படும்படி, தலையிலிருந்து வால்வரை மெதுவாக ஓட்டுங்கள். பிறகு சிக்கு ஒளியும் இடங்களுக்குப் போங்கள்: காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், இரண்டு அக்குள், தொடை இடுக்கு, வயிறு, பின்தொடையின் பின்பக்கம், வாலின் அடி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி நின்று, கட்டியாக ஏதும் தட்டுப்படுகிறதா, பிசுபிசுப்பாக இருக்கிறதா, தொட்டதும் பூனை விலகுகிறதா என்று கவனியுங்கள்.

விலா எலும்பையும் தடவிப் பாருங்கள். மெல்லிய சதைக்கு அடியில் எலும்பு வரிசை கைக்குத் தெரிய வேண்டும். கூர்மையாகக் குத்தினால் பூனை இளைத்திருக்கிறது. அழுத்தினாலும் தெரியாவிட்டால் பெருத்திருக்கிறது. குளிர்கால ரோமத்துக்கு மேலே பார்த்து இதைச் சொல்லவே முடியாது. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது இன்னும் நல்லது. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும்.

இரண்டாம் படி: சீவுவது

நீளமுடிக்குத் தினமும், குட்டைமுடிக்கு வாரம் ஒன்றிரண்டு முறை. ஒரேயடியாக அரைமணி நேரம் பிடித்துவைப்பதைவிடத் தினம் மூன்று நிமிடம் மேல்.

பூனைக்குப் பிடித்த இடத்தில் தொடங்குங்கள்: கன்னம், தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டு. அங்கே இரண்டு இழுப்பு சீவியதும் கண் சொக்கும். அதற்குப் பிறகு முதுகு, விலாப்பக்கம். வயிறும் பின்தொடையும் வாலும் கடைசியில்.

நீளமுடியில் எல்லோரும் செய்யும் தவறு மேலோட்டமாகச் சீவுவது. சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், ரோமம் மின்னும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். நானும் 11 வருடம் அதைத்தான் செய்தேன். சரியான முறை, அடுக்கடுக்காகச் சீவுவது. இடதுகையால் முடியை மேல்நோக்கித் தள்ளிப் பிடியுங்கள். ஒரு கோடாகத் தோல் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய அடுக்கை மட்டும் அகலப்பல் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை சீவுங்கள். பிறகு இடதுகைப் பிடியிலிருந்து இன்னொரு மெல்லிய அடுக்கை விடுங்கள், அதைச் சீவுங்கள். இப்படியே வயிற்றுப்பக்கத்திலிருந்து முதுகை நோக்கி ஏறிக்கொண்டே போங்கள். சீப்பைத் தோலில் குத்தும்படி செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ஒருநாளைக்கு ஒரு பக்கம் முடித்தால் போதும். இறுதியில் நெருக்கப்பல் சீப்பு எங்கும் தட்டாமல் ஓடினால் அந்த இடம் சுத்தம்.

குட்டைமுடிக்கு இவ்வளவு பாடு இல்லை. ரப்பர் கையுறையால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் உதிர்ந்த அடிமுடி மேலே வந்து ஒட்டும். பிறகு முடி படியும் திசையில் நெருக்கப்பல் சீப்பால் ஒரு ஓட்டு. தோலில் சுரக்கும் எண்ணெய் முடியின் நுனிவரை பரவுவதும் இந்தச் சீவலில்தான். குளிர்காலத்தில் ரோமம் மின்ன வேறு பூச்சு எதுவும் வேண்டாம்.

வால் நுனி வெடுக்வெடுக்கென்று ஆடினாலோ, காது பக்கவாட்டில் மடிந்தாலோ, முதுகுத்தோல் அலைபோலச் சிலிர்த்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஒரு இழுப்பு இழுத்தாலும் அடுத்த நாள் சீப்பைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். முடித்ததும் பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள்.

மூன்றாம் படி: சிக்கெடுப்பது

இங்கே மூன்று விஷயங்களை மறக்கவே கூடாது. சிக்கை நனைக்காதீர்கள், தண்ணீர் பட்டால் கம்பளி போல இன்னும் இறுகும். பிடித்து இழுக்காதீர்கள். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனையின் தோல் நம் தோலைவிட மெல்லியது, தளர்வானது. சிக்கைத் தூக்கிப் பிடித்தால் தோலும் கூடாரம் போல அதோடு எழும்பி வரும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. தையல் போடவேண்டிய அளவுக்கு வெட்டுப்பட்டு மருத்துவரிடம் வரும் பூனைகள் பல இப்படித்தான் வருகின்றன.

சிக்கு சிறியதாக, தோலுக்கு மேலே தளர்வாக இருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம். ஒரு சிட்டிகை சோளமாவைத் தூவி விரலால் பிசையுங்கள். முடிகள் ஒன்றோடொன்று வழுக்கத் தொடங்கும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரலால் முடியின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. பிறகு சிக்கின் வெளிநுனியிலிருந்து, விரல்நகத்தாலும் சீப்பின் கடைசி இரண்டு பற்களாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். வேரிலிருந்து தொடங்கினால் சிக்கு இன்னும் இறுகும்.

என் பூனையின் அக்குளில் இருந்ததை எடுக்க மூன்று மாலைகள் ஆயின. முதல்நாள் அதை இரண்டாகப் பிளக்க மட்டுமே முடிந்தது. இரண்டாம் நாள் ஒரு பாதி வந்தது. மூன்றாம் நாள் மீதி வந்ததும், அவள் அந்த இடத்தை விடாமல் ஒரு பத்து நிமிடம் நக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு முன்னங்காலை நீட்டிப் படுத்தாள். அப்படி நீட்டிப் படுத்து அவளைப் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

தோலோடு ஒட்டி இறுகிய சிக்கு, தகடுபோலப் பரவிய சிக்கு, அடியில் புண்ணோ ஈரமோ இருக்கும் சிக்கு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடமோ பூனைகளுக்கு முடி திருத்திப் பழகிய குரூமரிடமோ, முடி மழிக்கும் கருவியான கிளிப்பரால் எடுக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுப்பார்கள். அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். மழித்த இடத்துக்குக் குளிர் நேராகப் படும் என்பதால், முடி வளரும்வரை அந்தப் பூனைக்குச் சூடான படுக்கை அவசியம். சிக்குக்குப் பயந்து முழு உடம்பையும் மழிப்பதைக் குளிர்காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

குளிப்பாட்டலாமா?

நல்ல உடல்நலத்தோடு, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பூனைக்குக் குளிர்காலக் குளியல் தேவையில்லை. இருக்கிற எண்ணெயையும் அது கழுவிவிடும். அடிமுடி உலர வெகுநேரம் ஆகும். அதுவரை பூனை நடுங்கும். அழுக்காகத் தெரிந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் முடி படியும் திசையில் துடைத்து, உடனே உலர்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள்.

பெயின்ட், என்ஜின் ஆயில், ரசாயனம் போன்றவை ரோமத்தில் பட்டால் பூனை நக்குவதற்குள் அகற்றியாக வேண்டும். அப்போது முதலில் மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். வேறு வழியின்றிக் குளிப்பாட்டும்போது, முன்னதாகச் சிக்கெல்லாம் எடுத்துவிடுங்கள். தண்ணீர் 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். பூனையின் உடல்சூடே 38 முதல் 39 டிகிரி வரை, நமக்கு இதமாக இருக்கும் நீர் அதற்குச் சில்லென்றிருக்கலாம். பூனைக்கென்றே செய்த ஷாம்பூ மட்டும். மனிதர்களின் ஷாம்பூ, குழந்தை ஷாம்பூ உட்பட, நம் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்தது. பூனையின் தோல் வேறு. நுரை துளியும் மிஞ்சாமல் அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, சூடான அறையில் உலர்த்துங்கள். ஹேர் டிரையருக்குப் பூனை ஒப்புக்கொண்டால், குறைந்த சூட்டில், ஓரடி தள்ளி, உங்கள் கையை நடுவில் வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டே காட்டுங்கள். மேல்முடி உலர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். விரலை உள்ளே விட்டு, தோல் உலர்ந்ததா என்று பாருங்கள்.

வறட்சிக்கு எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் அது பூனையின் வயிற்றுக்குள் இருக்கும். மிச்சம் முடியில் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, அடுத்த சிக்குக்கு வழிசெய்யும். உள்ளிருந்து வரவேண்டிய எண்ணெய் அது.

தட்டிலிருந்து ரோமத்துக்கு

முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். பூனை சாப்பிடும் புரதத்தில் 30 சதவீதம் வரை தோலுக்கும் ரோமத்துக்குமே போகிறது. ரோமம் அடர்த்தியாகும் காலத்தில் புரதம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் ரோமம்தான்: முடி மெலியும், எளிதில் ஒடியும். கருப்புப் பூனையில் இது நிறத்திலேயே தெரியும். டைரோசின் என்ற அமினோ அமிலம் போதாதபோது கருமை மங்கிச் செம்பழுப்பாக மாறும்.

பூனை முழுமையான இறைச்சி உண்ணி. தாவர எண்ணெயிலிருந்து தனக்கு வேண்டிய எல்லாக் கொழுப்பு அமிலங்களையும் அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. அராகிடோனிக் அமிலம் விலங்குக் கொழுப்பிலிருந்தே வர வேண்டும். முழுச்சத்து உணவு என்று குறிப்பிட்ட தரமான பூனை உணவில் இது இருக்கும். மீன் எண்ணெய் வறண்ட தோலுக்கு உதவும், ஆனால் அளவை மருத்துவரே சொல்லட்டும். அளவுக்கு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். வைட்டமின் ஈ குறைந்து உடல் கொழுப்பிலேயே அழற்சி உண்டாகும். மீன் ஈரல் எண்ணெயை அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிந்திருக்கின்றன. உடலில் தங்கித் தீங்கு செய்யும்.

தண்ணீர் விஷயம் எளிதில் கவனம் தப்பிவிடும். குளிர்ந்த நீரைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெதுவெதுப்பான நீரை ஒருநாளைக்கு இரண்டு மூன்று முறை மாற்றி வையுங்கள். உலர் தீனியில் நீர் 10 சதவீதம் அளவுதான். ஈர உணவில் முக்கால் பங்குக்கும் மேல். குளிர்காலத்தில் ஒருவேளையாவது ஈர உணவாக, லேசாகச் சூடுகாட்டிக் கொடுத்தால் தோலின் வறட்சி நன்றாகவே குறையும். வீட்டுக்குள் இருக்கும் பூனைக்குக் குளிர் என்பதற்காக அளவைக் கூட்ட வேண்டாம். பெருத்த பூனையால் தன் முதுகையும் பின்பக்கத்தையும் எட்டி நக்க முடியாது. சிக்கு அங்கேதான் தொடங்கும்.

முடி உருண்டை

நாக்கு முட்கள் பின்னோக்கி வளைந்தவை என்பதால், வாயில் சேர்ந்த முடியைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிச்சம் உருண்டையாகி வாந்தியில் வரும். சீப்பில் எடுக்கும் ஒவ்வொரு பிடி முடியும் வயிற்றுக்குப் போகாத முடி. எப்போதாவது ஒன்று வந்தால் கவலை இல்லை. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் குமட்டியும் எதுவும் வராமல், சாப்பிடாமல், சுருண்டு படுத்திருந்தால் குடல் அடைத்திருக்கலாம். அன்றே போக வேண்டும். கழுத்தை நீட்டித் தாழ்த்திக்கொண்டு இருமுவதும் பார்க்க இதுபோலவே இருக்கும், அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

வயதான பூனைக்கு

2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. குளிரில் அந்த வலி கூடியதுபோல நடந்துகொள்ளும் பூனைகள் நிறைய. வளைந்து திரும்பி முதுகை நக்குவது அவற்றுக்கு வேதனை, அதனால் நக்குவதை நிறுத்திவிடும். இடுப்புக்கு மேலே முடி கொத்துக் கொத்தாகப் பிரிந்து நின்றால், சோம்பல் என்று நினைக்காதீர்கள். வலி என்று நினையுங்கள். மூட்டுவலிக்கு இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது. சீவும்போது அதை நிற்கவைக்காமல், மெத்தையில் படுத்திருக்கும் நிலையிலேயே சீவுங்கள். காலைத் தூக்கி விரிக்க வேண்டாம்.

வெளியே போய்வரும் பூனைக்கு

நனைந்து வந்தால் உடனே துடையுங்கள், அடிவயிற்றையும் கால்விரல் இடுக்கையும் சேர்த்து. பனி பொழியும் இடங்களில் விரல் இடுக்கு முடியில் பனிக்கட்டி உருண்டு ஒட்டிக்கொள்ளும். பிய்க்காமல் வெதுவெதுப்பான துணியைச் சுற்றிக் கரைய விடுங்கள். சாலையில் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும். நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். காரின் என்ஜின் நீர் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் ஒரு டீஸ்பூன் அளவே பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். பாதத்தில் பட்டதை நக்கினாலும் போதும். சந்தேகம் வந்த நொடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். காது நுனி வெளிறி, சில்லென்று விறைத்திருந்தால் பனிக்கடி. தேய்க்காமல், இதமான சூட்டில் வைத்து அழைத்துப் போங்கள்.

ஸ்வெட்டர் ரோமமில்லாத ஸ்பிங்ஸ் போன்ற பூனைகளுக்கும் மழிக்கப்பட்ட பூனைகளுக்கும்தான். அதையும் தினமும் கழற்றி, அடியில் தோலைப் பார்த்து, துவைத்துப் போட வேண்டும். ரோமமுள்ள பூனைக்குப் போட்டால் அக்குளில் உரசி நீங்களே சிக்கை உண்டாக்குவீர்கள்.

எப்போது மருத்துவர்

குளிர்காலத்தில் தெள்ளுப்பூச்சி இருக்காது என்று நினைத்துப் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். சூடான வீட்டில் அதன் கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். நெருக்கச் சீப்பில் கருப்பு மணல்போல வந்தால், ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது பூனையின் ரத்தம். நாய்க்கான தெள்ளு மருந்தை ஒருபோதும் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

காற்றை ஈரமாக்கியும் இரண்டு மூன்று வாரத்தில் பொடுகு குறையாவிட்டாலும், பொடுகு நகர்வதுபோலத் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்; செயிலெட்டியெல்லா என்ற சிற்றுண்ணி அப்படித்தான் இருக்கும். வட்டமாக முடி உதிர்ந்து ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இவை இரண்டும் நமக்கும் தொற்றும். வயிற்றில் மட்டும் முடி வழித்ததுபோல இருந்தால் பூனை அளவுக்கு மீறி நக்குகிறது. ஒவ்வாமை, மனஅழுத்தம், சிறுநீர்ப்பை வலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயதான பூனையின் ரோமம் திடீரென்று எண்ணெய் பிசுக்காகி, கூடவே தண்ணீர் அதிகம் குடித்தாலோ, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தாலோ, ரத்தப் பரிசோதனை அவசியம். நீரிழிவும் தைராய்டு கோளாறும் இப்படித்தான் வெளியே தெரியும்.

பகல் நீளத் தொடங்கும்போது

குளிர்காலத்தின் கடைசி வாரங்களில்தான் வேலை அதிகம். சேர்த்துவைத்த அடிமுடி முழுவதும் இறங்கத் தொடங்கும். குட்டைமுடிப் பூனையையும் அப்போது தினமும் சீவுங்கள்; நீளமுடிப் பூனைக்குக் காலையும் மாலையும். இறங்கிய அடிமுடி வெளியே வராமல் நல்ல முடிக்குள் மாட்டிக்கொள்வதுதான் இறுகிய சிக்காக மாறுகிறது. என் பூனையின் அக்குளில் நடந்ததும் அந்த வாரங்களில்தான். அவளுக்கு இப்போது 14 வயது. சீப்பை எடுத்தால் தானாகவே வந்து வலதுபக்கமாகச் சாய்ந்து படுத்து இடது காலைத் தூக்கிக் கொடுக்கிறாள். இடது அக்குளில் தொடங்கி, அடுத்த நாள் வலதுக்குப் போகிறேன்.